சிற்பியின் மலையாளக் கரை

நொய்யல், பவானி, அமராவதி எல்லாம் கிழக்கே ஓடிக் காவிரியில் சேருகிற ஆறுகள். ஆழியாறு வேறு வழி போகிறது. ஆனைமலையில் இறங்கி, பொள்ளாச்சிச் சீமையை நனைத்து, மேற்கே பாலக்காட்டுப் பக்கம் போய்ப் பாரதப்புழையில் கலக்கிறது. அதன் கரையில் இருக்கிறது ஆத்துப்பொள்ளாச்சி. கவிஞர் சிற்பி பாலசுப்பிரமணியம் 1936இல் பிறந்த ஊர். அவருக்கு சாகித்திய அகாதெமி விருது பெற்றுத்தந்த ‘ஒரு கிராமத்து நதி’ இந்த ஆற்றையும் ஊரையும் நினைத்து எழுதியதுதான்.

சிற்பியை நம்மில் பலர் ‘வானம்பாடி’ கவிஞராக மட்டுமே அறிந்திருக்கிறோம். 1971இல் கோவையிலிருந்து புறப்பட்ட அந்த இதழ் புதுக்கவிதையைக் கல்லூரி விடுதிகளுக்கும் மேடைகளுக்கும் கொண்டுபோனது உண்மை. ஆனால் அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் குரல் அல்ல. விமர்சகராக இருந்துகொண்டு மொழிபெயர்க்கிற அந்த இன்னொரு சிற்பியைத்தான் நான் திரும்பத் திரும்பத் தேடிப் படிக்கிறேன்.

பிரெஞ்சு இலக்கியத்தில் இதற்கு ஒரு பெரிய மரபு உண்டு. போதலேர் தன் ‘தீமையின் மலர்கள்’ தொகுப்பை 1857இல் வெளியிடுவதற்கு முந்தைய ஆண்டே எட்கர் ஆலன் போவின் கதைகளை மொழிபெயர்த்து நூலாக்கிவிட்டார். போவைப் பற்றி விரிவான கட்டுரைகளும் எழுதினார். போவுக்கு ஐரோப்பாவில் கிடைத்த பெயருக்கு அந்த உழைப்பே முதற்காரணம். நம் காலத்துக்கு வந்தால், பரிபாடலை 1968இல் பிரெஞ்சில் தந்த பிரான்சுவா குரோ. சங்கப் பாட்டையும் திருக்குறளின் காமத்துப்பாலையும் மொழிபெயர்த்த அதே மனிதர் தமிழிலக்கியத்தைப் பற்றிக் கூர்மையான திறனாய்வுகளும் எழுதினார். இவர்களுக்கெல்லாம் மொழிபெயர்ப்பு தனி வேலை அல்ல. ஒரு நூலை மதிப்பிட்டு, இது என் மக்களுக்கு வேண்டும் என்று முடிவுசெய்து, அந்த முடிவுக்குத் தன் உழைப்பையே சாட்சியாக வைப்பது. சிற்பியும் இந்த வரிசைக்காரர்.

அவருடைய முனைவர் பட்ட ஆய்வு பாரதியையும் மலையாளக் கவிஞர் வள்ளத்தோளையும் ஒப்பிட்டது. இந்தத் தேர்வே ஒரு விமர்சனம் என்பேன். பாரதி பிறந்தது 1882. வள்ளத்தோள் அவருக்கு நான்கு ஆண்டு மூத்தவர். மலைத்தொடருக்கு இரு பக்கமும் ஒரே காலத்தில் விடுதலையைப் பாடியவர்கள். இருவருமே மொழிபெயர்ப்பாளர்களும்கூட: பாரதி கீதையைத் தமிழாக்கினார், வள்ளத்தோள் வால்மீகி ராமாயணத்தை மலையாளமாக்கினார். வள்ளத்தோள் நிறுவிய கேரள கலாமண்டலம் நிற்பதும் ஆழியாறு போய்ச் சேருகிற அந்தப் பாரதப்புழையின் கரையில்தான். ஷெல்லியோடும் விட்மனோடும் பாரதியை வைத்துப் பார்த்த நம் ஆய்வாளர்கள், பக்கத்து வீட்டுக் கவிஞரோடு வைத்துப் பார்க்க மறந்திருந்தார்கள். பொள்ளாச்சிக்காரர் ஒருவருக்கு அது இயல்பாகத் தோன்றியிருக்கிறது. பொள்ளாச்சிச் சந்தையில் இரண்டு மொழியும் கலந்துதானே விலை பேசுகிறார்கள்.

அடுத்து, மலையாளத்திலிருந்து சிற்பி தமிழாக்கிய ‘அக்கினி சாட்சி’. லலிதாம்பிகா அந்தர்ஜனம் எழுதிய ஒரே நாவல். சிறுகதைகளால் பெயர்பெற்ற அவர் இதை எழுதி வெளியிட்டது 1976இல், அறுபது வயதைத் தாண்டிய பிறகு. நம்பூதிரி இல்லத்துக்கு மணமகளாக வருகிறாள் தேத்தி. கணவன் உண்ணி கெட்டவன் அல்ல. ஆசாரத்தைக் கைவிட முடியாத நல்லவன். அதனாலேயே அவளுக்கு அங்கே மூச்சு முட்டுகிறது. அவள் வெளியேறுகிறாள், விடுதலைப் போராட்டத்துக்குப் போகிறாள், கடைசியில் துறவியாகிறாள். இவர்கள் இருவரையும் நேசிக்கிற தங்கம், அதே குடும்பத்து நம்பூதிரிக்கு நாயர் பெண்ணிடம் பிறந்தவள். சொந்த ரத்தமாக இருந்தும் அந்த வீட்டில் அவளுக்கு எட்ட நிற்கிற இடம்தான்.

இதைத் தமிழுக்குக் கொண்டுவருவது எளிது என்று நினைப்பவர்கள் மலையாளத்தை அடுத்த அறையாக நினைக்கிறவர்கள். பிரெஞ்சிலிருந்து வருபவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் பிரித்துத் திரும்பக் கட்டியாக வேண்டும். அந்தக் கட்டாயமே அவரைக் காப்பாற்றும். மலையாள வாக்கியமோ தமிழ் வாக்கியத்தின் வரிசையிலேயே நடந்துவரும். பாதியை அப்படியே விட்டுவிடலாமே என்ற சோம்பல் எந்த நேரமும் கையைப் பிடித்து இழுக்கும். அப்படிச் சோம்பியவர்களின் பக்கங்களில் தமிழ் எழுத்துகளில் மலையாளமே மிஞ்சுகிறது. அதோடு, நம்பூதிரி இல்லத்தின் தீட்டும் திரையும், நாயர் பெண்களோடு கொள்ளும் சம்பந்த முறையும் கொங்குக் காட்டு வாழ்க்கையில் இல்லாதவை. அடிக்கு அடி விளக்கம் சொன்னால் கதை நின்றுபோகும். சொல்லாமல் விட்டால் தேத்தியின் வேதனைக்குக் காரணமே தெரியாது.

சிற்பியின் தமிழாக்கத்தில் என்னை வியக்கவைப்பது அவருடைய அடக்கம். வானம்பாடிக் கவிதை கூட்டத்தைப் பார்த்துப் பேசுவது, உருவகங்களை அடுக்குவது. லலிதாம்பிகாவின் உரைநடையோ உள்ளறையில் இருந்துகொண்டு பேசுகிறது. இங்கே கவிஞர் சிற்பி தன் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். மூல ஆசிரியரின் மௌனம் எங்கே இருக்கிறது என்று விமர்சகர் சிற்பி கண்டுகொண்டதால்தான் கவிஞருக்கு அந்தக் கட்டுப்பாடு வந்தது என்பது என் துணிபு. இந்த நூலுக்கு சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது. படைப்புக்கும் மொழிபெயர்ப்புக்கும் அகாதெமியின் பரிசுகளைப் பெற்ற தமிழர்கள் மிகச் சிலரே. சிற்பியின் வானம்பாடித் தோழர் புவியரசுவும் அவர்களில் ஒருவர். அவரும் கோவைக்காரர்தான் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

பெரும்படவம் ஸ்ரீதரனின் ‘ஒரு சங்கீதம் போல’ நாவலையும் சிற்பி தமிழாக்கியிருக்கிறார். 1866இல், ஒப்பந்தக் கெடு நெருக்க, தஸ்தயேவ்ஸ்கி ‘சூதாடி’ நாவலைச் சொல்லச் சொல்ல அன்னா என்ற இளம்பெண் சுருக்கெழுத்தில் எழுதிய அந்த இருபத்தாறு நாள்களின் கதை. பீட்டர்ஸ்பர்க் குளிர் கேரளம் வழியாகப் பொள்ளாச்சிக்கு வந்திருக்கிறது! சச்சிதானந்தன், ஓ.என்.வி. குறுப்பு கவிதைகளையும் தந்திருக்கிறார். பொள்ளாச்சி நல்லமுத்துக் கவுண்டர் மகாலிங்கம் கல்லூரியில் நெடுங்காலம் பாடம் நடத்தி, பாரதியார் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைக்குத் தலைமை ஏற்ற பேராசிரியருக்கு, இத்தனைக்கும் நேரம் எங்கிருந்து கிடைத்ததோ. 2022இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது வந்த பாராட்டுகளில் மொழிபெயர்ப்பாளர் சிற்பியைப் பற்றிய பேச்சு குறைவாகவே இருந்தது. அது எனக்கு வருத்தம்.

சிற்பியைப் புதிதாகப் படிக்கப்போகிறவர்கள் முதலில் ‘அக்கினி சாட்சி’யை எடுங்கள். ‘ஒரு கிராமத்து நதி’யை அதற்குப் பிறகு படியுங்கள்.