செய்தவன் யார்?

ஆங்கில இலக்கணம் படித்தவர்களுக்கு ஒரு பயிற்சி மறந்திருக்காது. ராமன் ராவணனைக் கொன்றான் என்று ஒரு வாக்கியம் கொடுப்பார்கள். அதைத் திருப்பிப் போட்டு, ராவணன் ராமனால் கொல்லப்பட்டான் என்று எழுத வேண்டும். ரென்னும் மார்ட்டினும் சேர்ந்து எழுதிய இலக்கணப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, நம் நாட்டில் எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் இப்படி வாக்கியங்களைப் புரட்டிப் புரட்டிப் போட்டிருக்கிறார்கள்! இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான் என்று வாத்தியார் சொல்லிவிட்டுப் போய்விடுவார். பொருள் ஒன்றாக இருக்கலாம், கதை ஒன்றல்ல. முதல் வாக்கியத்தை அயோத்தியில் சொல்வார்கள். இரண்டாவதை மண்டோதரிதான் சொல்ல முடியும்.

கதை எழுதுகிறவனுக்கும் படிக்கிறவனுக்கும் இந்தச் செய்வினை, செயப்பாட்டுவினை விவகாரத்தில் அக்கறை இருக்க வேண்டியது இதனால்தான். ஆங்கில விமரிசகர்கள் இதைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்ட்ரங்க் என்ற பேராசிரியர் 1918இல் தம் மாணவர்களுக்காக அச்சிட்ட சிறு கையேட்டில் செய்வினையையே கையாளும்படி சொன்னார். 1946இல் ஜார்ஜ் ஆர்வெல், அரசியலையும் ஆங்கில மொழியையும் பற்றி எழுதிய கட்டுரையில் இன்னும் கண்டிப்பாக, செய்வினை போதுமான இடத்தில் செயப்பாட்டுவினை கூடவே கூடாது என்று விதித்தார். அதிகாரத்தில் இருப்பவர்கள் தங்கள் கொடுமைகளை மங்கலான சொற்களால் மூடி வைக்கிறார்கள் என்பது அவர் கோபம். அது நியாயமான கோபம். ஆனால் அதே கட்டுரையில் அவரே செயப்பாட்டுவினையைத் தாராளமாகப் பிரயோகித்திருப்பதைப் பலர் எண்ணிக் காட்டிவிட்டார்கள். விதி செய்கிறவர்களுக்கு இந்தச் சங்கடம் எப்போதும் உண்டு.

ஆர்வெல்லின் விதியை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்துவிடலாமா? முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. நம் பேச்சில் செயப்பாட்டுவினை ஏறக்குறைய இல்லவே இல்லை. சோறு வெந்தது என்கிறோம். கதவு திறந்தது என்கிறோம். பந்தல் போட்டாயிற்று என்கிறோம். சோறு தானாக வேகவில்லை, அடுப்படியில் ஒருத்தி வியர்வை வழிய நின்றாள் என்பது கேட்பவருக்குத் தெரியும். செய்யப்பட்ட பொருளையே செய்ததுபோலச் சொல்வது மொழி வழக்குத்தான் என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே செய்தவனைச் சொல்லாமல் விட நமக்கு வேறு வழிகள் இருக்கின்றன. கூட்டம் நடத்தப்பட்டது, தீர்மானம் நிறைவேற்றப்பட்டது என்பதெல்லாம் கச்சேரி ஆங்கிலத்தைப் பெயர்த்துப் பெயர்த்து நாம் பழகிக்கொண்டவை. அது கச்சேரியோடு நின்றிருந்தால் பாதகமில்லை. கதைக்குள்ளும் வந்துவிட்டது. கதாநாயகி காப்பி கொண்டுவருவதில்லை. அவளால் காப்பி கொண்டுவரப்படுகிறது. ஆறிப் போகாமல் என்ன செய்யும்?

செய்தவன் பெயரைச் சொல்லாமல் நிறுத்திவைப்பது நம் கவிகளுக்கு நன்றாகத் தெரிந்த வித்தை. அதற்குச் சாட்சி தேடி நான் கொல்லிமலைக்குப் போவேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வரும் அந்த மலை, 1997 முதல் நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. சங்க காலத்தில் அது வல்வில் ஓரியின் மலை. புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் ஒரு வேட்டையைச் சொல்கிறார். ஒரே அம்பு. யானையைச் சாய்த்து, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, கடைசியில் புற்றருகே ஓர் உடும்பில் போய்த் தைத்து நிற்கிறது. இத்தனை வினைகளுக்கும் எழுவாய் யார் என்று பாருங்கள். அம்புதான்! எய்தவன் யாரென்று பாணர் கூட்டத்துக்குத் தெரியாது. கூலிக்குக் கொல்பவன்போலத் தெரியவில்லையே, ஒருவேளை ஓரிதானோ என்று வியந்துகொண்டே பாடுகிறார்கள். அரசனைப் புகழ்ந்து பாடும்போது அவன் கூசுகிறான். இறைச்சியும் மலைப்பொன்னும் கொடுக்கிறான். செய்தவன் இப்படி மெல்ல மெல்லத்தான் வெளிப்படுகிறான். ஒரு செயப்பாட்டுவினைகூடத் தேவைப்படவில்லை. மர்மக் கதை எழுதுகிறவர்கள் இந்தப் பாட்டைப் படித்தால் கெட்டுப் போகமாட்டார்கள்.

அந்த ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். ஓரி கொல்லப்பட்டான் என்று இன்று எழுதுவோம். பழைய தமிழில் ஒரு சொல்லே போதும்: பட்டான். தருமபுரி, செங்கம் பக்கத்து நடுகற்களில் மாடு மீட்கப் போய் மாண்ட வீரனைக் குறிக்கும் சொல் இதுதான். நம் செயப்பாட்டுவினைக்குத் துணையாக வரும் 'படு' இந்தச் சொல்லேதான். அவதிப்பட்டான், அடிபட்டான், கடன்பட்டான் என்று அது வரும் இடங்களைக் கவனித்தால் ஒன்று விளங்கும். தமிழில் இது மேலே வந்து விழுந்ததைத் தாங்கிக்கொண்டவனுடைய வினை. கடிதத்துக்கும் காப்பிக்கும் அதைப் பூட்டுவது பொருத்தமில்லாத வேலை.

இது வெறும் நடை அழகைப் பற்றிய பேச்சென்று நேயர்கள் நினைத்துவிடக் கூடாது. கொல்லிமலையையே மறுபடியும் எடுத்துக்கொள்ளுங்கள். 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் வந்தபின் மாகாணத்து மலைகள் பலவற்றில் 'ஒதுக்கப்பட்ட காடு' என்று ஒரு சொல் புழங்கியது. யாரால் ஒதுக்கப்பட்டது? யாரிடமிருந்து? சொல்லுக்குள் பதில் இல்லை. காடு பிறக்கும்போதே ஒதுங்கிப் பிறந்தது மாதிரி இருக்கிறது. ஆர்வெல் சொன்னது இங்கே முழுக்கவும் சரி.

இன்னொரு தினுசும் உண்டு. மலையில் தினையும் சாமையும் கைவிடப்பட்டன, மரவள்ளி பயிரிடப்பட்டது என்று அறிக்கைகளின் பாஷையில் எழுதிவிடலாம். கைவிட்டவர் யார்? அங்கே வாழும் மலையாளிப் பழங்குடிக் குடியானவர். ஏன்? கீழே சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்குக்குக் கையில் காசு கொடுத்தன. சாமையோ உரலில் குத்திக் குத்திப் பெண்களின் தோளை ஒடித்தது. கணக்குப் பார்த்து ஒரு மனிதர் முடிவு செய்தார். அவர் மனைவியின் தோள்வலியும் அந்த முடிவில் சேர்ந்திருந்தது. அதிலே ஒரு நாவலே இருக்கிறது! செயப்பாட்டுவினை அந்த மனிதரையும் அவர் மனைவியையும் எடுத்துவிட்டுப் பயிரின் பெயரை மட்டும் வைத்துக்கொள்கிறது. மலைமக்களைப் பற்றி அனுதாபத்தோடு எழுதும் நாவலாசிரியர்களும் இதே தப்பைச் செய்கிறார்கள். அவர்கள் சுரண்டப்பட்டார்கள், ஏமாற்றப்பட்டார்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. மிளகை எடை போட்டவன் தராசில் எந்தப் பக்கம் விரலை வைத்தான் என்பது மட்டும் வருவதில்லை. நமக்குக் கண்ணீர் வருகிறது. கோபம் வரமாட்டேன் என்கிறது.

இதையெல்லாம் சொல்லிவிட்டுச் செயப்பாட்டுவினையை ஒழித்துவிடலாம் என்றால், உடனே ஒரு சொல் குறுக்கே வந்து நிற்கிறது: பிற்படுத்தப்பட்டோர். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல் பின்தங்கியவர்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. ஏதோ அவர்கள் மெதுவாக நடந்து வந்த மாதிரி. தமிழில் 'படுத்தப்பட்ட' என்று சேர்த்ததும், பின்னால் பிடித்துத் தள்ளிய ஒரு கை இருந்தது என்பது தெரிந்துவிடுகிறது. தாழ்ந்தவர் என்பதற்கும் தாழ்த்தப்பட்டவர் என்பதற்கும் உள்ள தூரம் சாமானியமானதா? இங்கே செயப்பாட்டுவினை குற்றவாளியை மறைக்கவில்லை. அவன் இருக்கிறான் என்று சாட்சி சொல்கிறது.

காப்காவின் 'விசாரணை' 1925இல் வெளிவந்தது. ஒரு குற்றமும் செய்யாத யோசப் கே. ஒரு நாள் காலையில் கைது செய்யப்படுகிறான் என்று நாவல் ஆரம்பமாகிறது. ஜெர்மன் மூலத்திலும் அது செயப்பாட்டுவினைதான். கைது செய்தது யார், எந்தக் கோர்ட்டு, என்ன சட்டம் என்ற கேள்விகளோடு அவன் நாவல் முழுக்க அலைகிறான். பதில் கிடைக்காமலே சாகிறான். இதைத் தமிழாக்கும் ஒருவர், நல்ல தமிழில் எழுதுகிறேன் பேர்வழி என்று, இரண்டு காவலர்கள் வந்து அவனைக் கைது செய்தார்கள் என்று முதல் வரியைத் திருத்தினால், மிச்சப் பக்கங்களை மொழிபெயர்க்கும் சிரமம் அவருக்கு வேண்டாம்.