பாடம் கேட்டவர்கள்

பிள்ளைகளின் தேர்ச்சியைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நம் இல்லங்களில் இரு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. பள்ளி நல்லதாயின் பிள்ளை தேறுவான் என்பது ஒரு கட்சி. பிள்ளை கெட்டிக்காரனாயின் எப்பள்ளியிலும் தேறுவான் என்பது மறுகட்சி. பாடம் எவ்வாறு நடந்தது, அதில் மாணவனுக்கு என்ன வேலை இருந்தது என்ற வினாவை இரு சாராரும் எழுப்புவதில்லை. இவ்வினாவுக்கு விடை தேடி மேலைநாட்டு ஆராய்ச்சிகளிடம் போகவேண்டுவதில்லை. திருச்சிராப்பள்ளியும் அதன் வடபால் காவிரிக்கு அப்பாலுள்ள திருவரங்கமும் நமக்கு விட்டுச் சென்றுள்ள வரலாறுகளே போதும்.

முதற்கண் நாம் எடுத்துக்கொள்வது டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்ட மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரம். இதனை ஒரு புலவரின் வாழ்க்கை வரலாறு என்றே பலரும் படிக்கின்றனர். நம் கருத்தில் இது கற்றல், கற்பித்தல் பற்றித் தமிழில் எழுந்த நூல்களுள் முன்வரிசையில் வைக்கத்தக்கது.

1815இல் பிறந்த பிள்ளை தம் தந்தையாரிடமே முதற்கல்வி பெற்றார். பின்னர்த் திரிசிரபுரத்தில் வாழ்ந்த இளமைக் காலத்தில் அவருக்கெனக் கல்லூரி ஏதும் இருக்கவில்லை. யாரிடம் எந்நூல் உண்டோ அவரிடம் போய்க் கேட்பதே அவர் கண்ட முறை. தண்டியலங்காரம் கற்க விரும்பியபோது, அதனை நன்கறிந்தவர் ஊரில் பிச்சையெடுத்துத் திரியும் ஒரு பரதேசி என்று தெரியவந்தது. அப்பரதேசியோ உட்கார்ந்து பாடம் சொல்பவரல்லர். பிள்ளை அவர் பின்னாலேயே தெருத்தெருவாகச் சென்றார். வேண்டியவற்றை வாங்கிக் கொடுத்தார். அவர் மனங்கனிந்த வேளையிலெல்லாம் ஐயங்களைக் கேட்டுக் கேட்டு அந்நூலை முடித்தார். உவமையும் உருவகமும் ஒரு பிச்சைப் பாத்திரத்தின் பின்னே நடந்து கற்கப்பட்டன! ஆர்வத்திற்கு எடுத்துக்காட்டாக இந்நிகழ்ச்சியை மேடைகளில் சொல்வர். ஆர்வம் மட்டுமன்று, வேறொன்றும் இதில் உண்டு. எதைக் கேட்கவேண்டும், எங்கே தனக்கு விளங்கவில்லை என்பதை மாணவனே முன்கூட்டித் தெரிந்துகொண்டு போகவேண்டியிருந்தது. ஆசிரியர் தாமாக ஊட்டும் வகுப்பில் அத்தேவை எழுவதில்லை.

இவ்வாறு கற்றவர் பின்னாளில் கற்பித்த முறையும் இதற்கு ஒத்தே அமைந்தது. சாதி, சமயம் பாராது கேட்டவர்க்கெல்லாம் அவர் பாடம் சொன்னார். 1871இல் மாயூரத்தில் அவரிடம் சேர்ந்த சாமிநாதையர், 1876இல் ஆசிரியர் மறையும்வரை உடனிருந்தார். மாணவர் செய்யுளைப் படிப்பார். ஐயம் எழும் இடத்தில் ஆசிரியர் விளக்குவார். இது ஒரு பகுதி. இதனினும் பெரிய பாடம் ஆசிரியர் புராணம் இயற்றும் வேளையில் நடந்தது. அவர் வாயாற் சொல்லிக்கொண்டே போக, மாணவர் ஒருவர் ஏட்டில் எழுதுவார். ஒரு செய்யுள் எப்படிப் பிறக்கிறது, எச்சொல் தள்ளப்படுகிறது, எங்கே எதுகை அமைகிறது என்பன எழுதுபவரின் கைவழியே மனத்திற்கு ஏறின. எந்த இலக்கண நூலும் இதனைச் சொல்லித்தர இயலாது.

அவரிடம் பாடம் கேட்டவருள் நாகூர் குலாம் காதிறு நாவலரும் ஒருவர் என்பதை நம் வாசகர்க்கு நினைவூட்டல் வேண்டும். ஆசிரியர் தலபுராணங்களும் கலம்பகங்களும் பாடியவர். மாணவர் நாகூர்ப் புராணமும் நாகூர்க் கலம்பகமும் பாடினார். வடிவம் ஆசானுடையது, பொருள் மாணவருடையது. கடிகைமுத்துப் புலவரிடம் பயின்று சீறா பாடிய உமறுப் புலவர் சென்ற வழியும் இதுவே. 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் எழுந்தபோது அதன் புலவர் வரிசையில் நின்று, அச்சங்கத்தின்மீதே புலவராற்றுப்படை பாடிய நாவலரிடம் அந்தப் பயிற்சியின் உறுதியைக் காண்கிறோம்.

ஆயினும் சாமிநாதையரின் நூலில் ஒரு குறையைச் சுட்டாமல் விடுதல் திறனாய்வாகாது. குருபக்தி மிகுதியால், அம்முறையின் எல்லை எது என்பதை அவர் அங்கே ஆராயவில்லை. அவ்வெல்லையைக் காட்டும் நிகழ்ச்சி 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1950இல் நூலான அவருடைய 'என் சரித்திர'த்தில் இருக்கிறது. இவ்விரு நூல்களையும் சேர்த்துப் படித்தாலன்றிக் கதை முழுமையாகாது.

1880. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். பிள்ளையின் மற்றொரு மாணாக்கராகிய தியாகராச செட்டியார் ஓய்வுபெற்றபோது தம் இடத்தை இவருக்குப் பெற்றுத் தந்திருந்தார். அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்ன நூல்கள் படித்திருக்கிறீர் என்று வினவுகிறார். இவர் அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள் என அடுக்குகிறார். முதலியார் முகத்தில் வியப்பில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். இவர் படித்திருக்கவில்லை. ஏறத்தாழ ஐந்தாண்டு இரவும் பகலும் பெரும்புலவரோடு வாழ்ந்த மாணவர் அக்காப்பியத்தைத் தொட்டதில்லை! ஆசிரியர் எதை விரும்பினாரோ அதுவே பாடத்திட்டம். அவர் பார்வை படாத நூல் மாணவர்க்கும் இல்லை. அன்புமிக்க ஆசானின் நிழலுக்கும் ஓர் அளவு உண்டு.

அதன்பின் நிகழ்ந்ததே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. சிந்தாமணியில் விளங்காத சமண சமயக் கருத்துகளைக் கேட்க அவர் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குப் போனார். சைவ மடத்தில் வளர்ந்த பெரும்புலமை வேறொரு சமயத்தாரின் முன் மாணவனாக அமர்ந்தது. 1887இல் சிந்தாமணி அச்சாகி வந்தது. நினைவாற்றலும், ஏட்டை வாசிக்கும் கண்ணும், செய்யுளின் ஓசையறியும் செவியும் பிள்ளை தந்தவை. பதிப்பாசிரியராக்கிய வினாவைத் தந்தவரோ ஒரு முன்சீபு. ஒரே முறையால் ஒருவர் உருவானார் என்று சொல்வோர் இவ்விடத்தில் சற்றே நிற்பாராக.

இனிக் காவிரியைக் கடந்து திருவரங்கத்திற்கு வருவோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நம்பிள்ளை அங்கே திருவாய்மொழிக்கு விரிவுரை நிகழ்த்தினார். கேட்டவர் பலர். வடக்குத் திருவீதிப்பிள்ளை என்ற மாணவர் பகலில் கேட்டதை இரவில் ஏட்டில் எழுதிவந்தார் என்று வைணவ மரபு கூறும். எழுதி முடித்து ஆசிரியரிடம் காட்டியபோது, தம் அனுமதியின்றி எழுதியதற்காக அவர் வருந்தினார். ஆனால் சொன்னது சொன்னபடியே இருந்ததை ஒப்புக்கொண்டு, ஏடுகளைத் தாமே வாங்கி வைத்துக்கொண்டார். அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி. படி ஒன்றுக்கு எழுத்து 32 என்பது கணக்கு. அத்தனையும் செவிவழி வந்து கைவழி இறங்கியவை. கேட்டதை எழுதி, எழுதியதை உஸ்தாதின் முன் படித்துக் காட்டி, அவர் ஒப்பிய பின்னரே பிறர்க்குச் சொல்லும் இஜாஸா பெறுகின்ற ஹதீஸ் கல்வி மரபை அறிந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. எத்தனையோ பேர் கேட்ட விரிவுரை, இரவில் விளக்கருகே அமர்ந்தவரிடம் நூலாயிற்று.

மீண்டும் திருச்சிக்கே திரும்புவோம். 1950 முதல் 1954 வரை அங்குள்ள புனித வளனார் கல்லூரியில் பயின்ற ஆ. ப. ஜெ. அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுகள்' நம் குடும்பங்களில் பெரிதும் பரிசாக வழங்கப்படும் நூல். மூலம் ஆங்கிலத்தில் 1999இல் வெளிவந்தது. இளமையில் அவர் செய்தித்தாள் விற்ற பக்கங்களை நம்மவர் கண்ணீர் மல்கப் படிப்பர். கல்லூரிப் பக்கங்களை விரைந்து புரட்டிவிடுவர். அங்கேதான் நம் பொருளுக்குரிய செய்தி கிடக்கிறது. நல்ல பேராசிரியர்களை அவர் நன்றியோடு நினைவுகூர்கிறார். இறுதியாண்டில் ஆங்கில இலக்கியச் சுவையும் அவரைப் பற்றிக்கொண்டது. எனினும் இயற்பியல் தமக்குரிய துறையன்று, பொறியியலுக்கே போயிருக்கவேண்டும் என்று அப்பருவத்தில்தான் அவர் உணர்கிறார். இதனைக் கல்லூரியின் குறையாக நாம் கொள்ளவில்லை. வகுப்பில் அமர்ந்து கேட்பதால் மட்டும் தன் கைக்கு எத்தொழில் பொருந்தும் என்பது தெரிந்துவிடாது. (அக்கல்லூரியிலும், பின் சென்னை எம்.ஐ.டி.யிலும் பயின்ற திருவரங்கத்துச் சுஜாதா மின்னணுப் பொறியாளராகவும் எழுத்தாளராகவும் ஆனார் என்பதையும் இவ்விடத்தே எண்ணிப் பார்க்கலாம்.)

எம்.ஐ.டி.யில் கலாம் சில மாணவர்களோடு சேர்ந்து தாழப் பறக்கும் போர்விமானம் ஒன்றை வடிவமைக்கிறார். பேராசிரியர் சீனிவாசன் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, வேலை போதாது என்கிறார். கலாம் ஒரு மாதத் தவணை கேட்கிறார். அவரோ மூன்றே நாள் தருகிறார். தவறினால் உதவித்தொகை நின்றுவிடும் என்றும் சொல்கிறார். ஏழை மாணவனுக்கு அது உயிர்நிலை. கடுமையான முறைதான், எல்லா மாணவரிடமும் செல்லுபடியாகும் என நாம் வாதிக்கவில்லை. அன்றிரவு உணவை மறந்து வரைபலகையின் முன் நின்ற மாணவர் அடுத்த நாளும் நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வேலை முடியும் தறுவாயில், அறைக்குள் யாரோ நிற்பதுபோல் தோன்றத் திரும்பிப் பார்க்கிறார். சீனிவாசனே வந்து நின்று, வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.