'அடைவு' என்னும் கலைச்சொல்லும் தமிழ்ப் பெயர் மரபும்: சாம்பா மென்பொருளை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கணினி வலையமைப்பில் கோப்புகளைப் பொதுவில் வைக்கவும், பயனர்களின் பெயரையும் உரிமையையும் ஓரிடத்தில் பதிந்து வைக்கவும் உதவும் கட்டற்ற மென்பொருள் சாம்பா. இத்தகைய மென்பொருளைத் தமிழில் விளக்குகையில் ஆளப்படும் 'அடைவு', 'கோப்பகம்' ஆகிய சொற்களின் பொருத்தத்தை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. அச்சொற்கள் சுட்டும் அமைப்பு தமிழின் அகரவரிசையையும் தமிழரின் பெயர் மரபையும் எந்த அளவுக்கு ஏற்கிறது என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அடைவு, கோப்பகம், கட்டற்ற மென்பொருள், சாம்பா, அகரவரிசை, முன்னெழுத்து.

முன்னுரை

தமிழ்க் கணிமை ஆய்வுகள் பெரிதும் எழுத்துரு, குறியேற்றம், விசைப்பலகை, இயந்திர மொழிபெயர்ப்பு ஆகியவற்றைச் சுற்றியே அமைகின்றன. அலுவலகத்தின் பின்னறையில் இயங்கும் வழங்கி மென்பொருள் மொழியாய்வுக்கு உரிய பொருளாக அரிதாகவே கருதப்படுகிறது. ஆயினும் ஒருவர் எப்பெயரால் கணினிக்குள் நுழைகிறார், பட்டியலில் எவ்விடத்தில் நிற்கிறார், எக்கோப்பைத் திறக்கலாம் என்பனவற்றை முடிவு செய்வது அம்மென்பொருளே. பெயரிடுதலும் வரிசைப்படுத்துதலும் மொழிச் செயல்கள். ஆதலின் இத்துறையின் சொற்களைத் திறனாய்வு செய்வது தமிழியலுக்குப் புறம்பானதன்று.

சாம்பாவின் தோற்றமும் கட்டற்ற தன்மையும்

ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1991 இறுதியில் எழுதத் தொடங்கிய சிறு நிரலே பின்னாளில் சாம்பா ஆயிற்று. வேறுவகை இயங்குதளத்தில் உள்ள கோப்புகளைத் தம் கணினியிலிருந்து அடைவதே அவருடைய தேவை. நெறிமுறையின் விவரங்கள் கைக்கு எட்டாத நிலையில், இரு கணினிகள் தமக்குள் பரிமாறிக்கொண்ட தரவுப் பொதிகளைக் கவனித்து, அவற்றின் ஒழுங்கை அவர் உய்த்துணர்ந்தார். அகராதி இல்லாத மொழியொன்றின் பேச்சைக் கேட்டு இலக்கணம் வகுப்பதற்கு ஒப்பான செயல் இது. எஸ்.எம்.பி. என்னும் நெறிமுறைப் பெயரின் மூன்றெழுத்தும் அதே வரிசையில் அமைந்த ஆங்கிலச் சொல்லைத் தேடியதில் 'சாம்பா' என்ற பெயர் கிடைத்தது.

உய்த்துணர்வுக்கும் எல்லை உண்டு. ஐரோப்பிய ஆணையம் 2004-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்கு எதிராக வழங்கிய முடிவை, 2007 செப்டம்பரில் ஐரோப்பிய முதனிலை நீதிமன்றம் பெரும்பாலும் உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் ஒருமுறைக் கட்டணமாக 10,000 யூரோ செலுத்தப்பட்டு, நெறிமுறை ஆவணங்கள் சாம்பா குழுவினரின் பயன்பாட்டுக்குக் கிடைத்தன. 2012 டிசம்பரில் வெளிவந்த நான்காம் பதிப்பு, ஆக்டிவ் டைரக்டரிக்கு இணக்கமான அடைவுச் சேவையைத் தானே வழங்கும் நிலையை எட்டியது.

இந்நிகழ்வு ஒரு சொல்லாட்சியின் குறையையும் காட்டுகிறது. இதழ்களில் இத்தகைய மென்பொருள் 'இலவச மென்பொருள்' எனப்படுவதுண்டு. பணம் கொடுத்துப் பெற்ற ஆவணத்தைக் கொண்டு வளர்ந்த மென்பொருளின் இயல்பை அச்சொல் விளக்காது. படிக்க, மாற்ற, பிறர்க்கு வழங்கத் தடையில்லை என்பதே அதன் இயல்பு. 'கட்டற்ற மென்பொருள்' என்னும் ஆக்கம் இதனைச் சரியாகப் பிடிக்கிறது. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் இடம்பெற்றது. மடிக்கணினி விலையற்றது; அதனுள் இருந்த பாஸ் லினக்ஸோ கட்டற்றது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிய பொதுவழக்கில், மாணவர் தமக்குக் கிடைத்த உரிமையை அறியாமலே போக வாய்ப்பு ஏற்பட்டது.

கோப்பு, கோப்பகம், அடைவு

'கோப்பு' நன்கு அமைந்த சொல். கோத்தல் என்னும் வினையடியில் பிறந்து, ஓலைகளைத் துளையிட்டுக் கயிற்றில் கோத்த சுவடி மரபையும், தாள்களைக் கட்டிவைக்கும் அலுவலக வழக்கையும் ஒருசேர நினைவூட்டுகிறது. சிக்கல் அடுத்த படியில் எழுகிறது. ஆங்கிலத்தில் 'டைரக்டரி' எனப்படுவதற்குத் தமிழில் 'அடைவு', 'கோப்பகம்' என்னும் இரு சொற்கள் வழங்குகின்றன. 'ஃபோல்டர்' என்பதற்கு உரிய 'கோப்புறை'யும் இவற்றோடு வேறுபாடின்றிக் கலக்கிறது.

தமிழாய்வாளருக்கு 'அடைவு' புதிய சொல்லன்று. சொல்லடைவு, பொருளடைவு, நூலடைவு என்பன ஆய்வு நூல்களின் பின்னிணைப்பில் பழகியவை. 'அடைவே' என்றால் முறையே, வரிசையாக என்று பொருள். அடைவு பொருளைத் தன்னுள் வைத்திருப்பதில்லை. பொருள் எங்கே உள்ளது என்பதை ஒழுங்குபடக் காட்டுகிறது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் டைரக்டரி என்பதும் இதுவே. கோப்பின் பெயரையும், அதன் விவரம் பதியப்பட்ட எண்ணையும் இணைத்துக் காட்டும் பட்டியல் அது. ஆதலின் அடைவு மிகப் பொருத்தமான ஆக்கம். ஆனால் வழக்கில் அது கோப்புறைக்கு மாற்றுப்பெயராகச் சுருங்கியபோது, 'பட்டியல்' என்னும் கருத்து நழுவி, 'பெட்டி' என்னும் கருத்து அவ்விடத்தில் அமர்ந்தது.

இந்நழுவலின் விளைவு அடைவுச் சேவையை விளக்கும்போது வெளிப்படுகிறது. அடைவுச் சேவை கோப்புகளை வைத்திருப்பதன்று. பயனர், குழு, கணினி ஆகியவற்றின் பெயர்களையும் பண்புகளையும் பதிந்து, கேட்கும்போது எடுத்துக் காட்டுவது. 'கோப்பகம்' என்னும் சொல்லைத் தேர்வோர் இதனைக் 'கோப்பகச் சேவை' என எழுத நேரும். அது கோப்புகள் இருக்கும் அகம் என்று பொருள்பட்டு, கோப்புப் பகிர்வையும் அடைவுச் சேவையையும் ஒன்றெனக் காட்டிவிடும். சாம்பா இவ்விரண்டையும் செய்வதாலேயே இரண்டையும் பிரித்தறியும் சொற்கள் இன்றியமையாதவை. கோப்பகம் என்னும் ஆக்கம் இங்குப் பிழையான அறிவைத் தருகிறது, கைவிடத்தக்கது.

அகரவரிசை என்னும் சோதனை

அடைவின் உயிர் வரிசையில் உள்ளது. ஒருங்குறிக் குறியீட்டு எண்களின் ஏறுவரிசை தமிழ் அகரவரிசையோடு ஒத்துவருவதில்லை. எண் வரிசையில் 'ன' நகரத்தை அடுத்து வருகிறது. தமிழ் மரபில் அது மெய்களின் இறுதியில் நிற்பது. 'ஜ' சகரத்தை அடுத்து நுழைகிறது. புள்ளிக்கான குறியீடு உயிர்க்குறிகளுக்குப் பின் உள்ளமையால், 'க்' என்னும் மெய் 'க'வுக்கு முன் நில்லாமல் 'கௌ'வுக்கும் பின் செல்கிறது. இதனைத் திருத்தும் வரிசை விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பயன்படுத்தாத பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் இடம் மாறி நிற்கும். ஒரு சொல்லடைவில் 'ன'கரச் சொற்கள் நகரத்தை அடுத்து அச்சிடப்பட்டால் தமிழாசிரியர் அதை ஏற்கமாட்டார். அதே பிழை அலுவலர் பட்டியலில் நேரும்போது கணினியின் இயல்பென்று விடப்படுகிறது.

முன்னெழுத்தும் குடும்பப்பெயரும்

எல்டாப் எனப்படும் அடைவு நெறிமுறைக்கான 2006-ஆம் ஆண்டின் தர ஆவணம், 'நபர்' என்னும் வகைக்கு இரண்டு பண்புகளைக் கட்டாயமாக்குகிறது. ஒன்று பொதுப்பெயர், மற்றொன்று குடும்பப்பெயர். குடும்பப்பெயர் இல்லாத ஒருவரை அவ்விதிப்படி பதிய இயலாது. தமிழரில் மிகப் பலர் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன் இட்டு வழங்குபவர். குடும்பப்பெயர் என ஒன்று அவர்களுக்கு இல்லை.

'ப. முருகன்' என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். 'ப' என்பது பழனியைக் குறிக்குமாயின், கட்டாய இடத்தை நிரப்பப் 'பழனி' எழுதப்படும். உடனே தந்தையின் இயற்பெயர் குடும்பப்பெயராகிறது. பட்டியல் அப்பெயரால் வரிசைப்பட்டால் முருகன் பகரத்தில் தேடப்பட வேண்டியவராகிறார். ஆக்டிவ் டைரக்டரியின் விதி இவ்வளவு கடுமையானதன்று. ஆனால் அதன் வழக்கமான படிவத்தில் முன்னெழுத்துக்கு உரிய இடம் முதற்பெயருக்கும் இறுதிப்பெயருக்கும் இடையில் உள்ளது. அது மேலைநாட்டு நடுப்பெயருக்கு ஏற்ற இடம். படிவம் தானே தொகுக்கும் முழுப்பெயரில் முன்னெழுத்து பின்னெழுத்தாகிவிடும். அரசு ஆவணங்களில் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் ஆணையிட்டது. அவ்வாணை எழுத்தைப் பற்றியது; எழுத்து நிற்கும் இடத்தை மென்பொருளின் அமைப்பு தீர்மானிக்கிறது.

கட்டற்ற தன்மையின் பயன் இங்கு விளங்குகிறது. மூலநிரலும் அமைப்புவிதிகளும் திறந்திருப்பதால், முன்னெழுத்துக்கும் அதன் விரிவுக்கும் தனிப்பண்பு சேர்ப்பதும், தமிழ் வரிசையைப் பட்டியலில் அமைப்பதும் பயனர் சமூகத்தின் கையில் உள்ளன. வாய்ப்பு மட்டும் போதாது. அதைக் கேட்பதற்கான மொழியும் வேண்டும்.

இருவகை எழுத்துப்போக்குகள்

தமிழில் இத்துறை எழுத்து இரு போக்குகளில் செல்கிறது. 2012 முதல் வெளிவரும் கணியம் இதழும் அதைச் சார்ந்த 'எளிய தமிழில்' நூல்களும் ஆங்கிலச் சொற்களைப் பெரிதும் அப்படியே வைத்துத் தொடரை எளிய தமிழில் அமைக்கின்றன. செயல்முறையைக் கற்பிப்பதில் இப்போக்கின் பயன் பெரிது. கட்டளையைத் தட்டிப் பார்க்கும் மாணவர் உடனே பயனடைகிறார். ஆனால் கருத்து ஆங்கிலச் சொல்லுக்குள்ளேயே தங்குவதால், 'டைரக்டரி'யும் சொல்லடைவும் ஒரே கருத்தின் வடிவங்கள் என்பது புலப்படுவதில்லை. மற்றொரு போக்கு கலைச்சொல் பட்டியல்களுடையது. சொல்லுக்குச் சொல் நிகரன் தரும் அப்பட்டியல்கள், சொற்கள் ஒன்றோடொன்று கொள்ளும் உறவைக் காட்டுவதில்லை. கோப்பகமும் அடைவும் அருகருகே நிற்பதற்கு இதுவே காரணம். முன்னது பயிற்சியைத் தருகிறது. பின்னது சொல்லைத் தருகிறது. மென்பொருளின் அமைப்பைத் தமிழ் வழக்கைக் கொண்டு வினவும் எழுத்து இரண்டுக்கும் இடையில் விடுபட்டுள்ளது.

இவ்விடுபாட்டின் சுமை சிற்றூர்களில் மிகுதி. நெய்வேலி நகரியம் போன்ற பெருநிறுவனச் சூழலில் வலையமைப்பை நிருவகிக்கத் தனிப்பிரிவு அமைய இடமுண்டு. கடலூர் மாவட்டத்தின் மேல்பட்டாம்பாக்கம் போன்ற பேரூராட்சியில், பத்துக் கணினிகள் கொண்ட பள்ளிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ உரிமக் கட்டணமற்ற சாம்பா ஏற்றது. அதை நிறுவுபவர் பெரும்பாலும் வேறு பணியில் இருந்துகொண்டே இதையும் பார்ப்பவர். ஊர்ப்புற மாணவர்க்குப் பயிற்சி தரும் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு போன்ற அமைப்புகள் அவருக்கு அருகில் உள்ளன. அவர்களிடம் தெளிவான தமிழ் விளக்கம் இருந்தால், பெயர்ப்பதிவில் வரும் பிழையைப் பயனரின் பிழையாக அல்லாமல் அமைப்பின் பிழையாக அடையாளம் காண முடியும்.

முடிவுரை

'அடைவு' பிழையான மொழிபெயர்ப்பன்று. தமிழ் ஆய்வு மரபில் அதற்குள்ள பொருளிலிருந்து பிரிக்கப்பட்டதே அதன் குறை. கோப்புறைக்குக் கோப்புறை என்றும், பெயர்ப்பட்டியலுக்கு அடைவு என்றும் வரையறுத்து, 'கோப்பகம்' என்பதை விலக்குவது தெளிவு தரும். அடைவு என்று பெயரிட்ட பின், அகரவரிசையையும் முன்னெழுத்து மரபையும் அது ஏற்கவேண்டும் எனக் கோருவது இயல்பான அடுத்த படி. சொல்லடைவு தொகுத்துப் பழகிய தமிழ்த்துறைகள் கட்டற்ற மென்பொருள் குழுக்களோடு இணைந்து செய்யத்தக்க பணி இது. தமிழ்ப் பெயரைத் தமிழ் முறையில் பதியும் அமைப்புவிதி ஒன்றை வகுத்து வெளியிடுவது அப்பணியின் தொடக்கமாக அமையலாம்.