ஐந்து குழல்களும் இரண்டு மரியாதைகளும்

பித்தளை வாத்தியம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கிரிக்கெட் மைதானத்துப் பப்பரேதான். அந்தக் காதோடுதான் நானும் கனடியன் பிறாஸ் குழுவின் இறுவட்டுகளைக் கேட்க உட்கார்ந்தேன். 1970இல் ரொறொன்ரோவில் தொடங்கிய ஐவர் குழு இது. இரண்டு ட்றம்பெற், ஒரு ஹோர்ன், ஒரு ட்றொம்போன், ஒரு ரியூபா. கறுப்பு உடுப்பும் வெள்ளைச் சப்பாத்துமாக மேடையேறிப் பெயர் பெற்றவர்கள். இவர்களது நிகழ்ச்சிகளில் பாஹ்கும் இடமுண்டு, பீட்டில்ஸுக்கும் இடமுண்டு.

செவ்வியல் இசையை மலினப்படுத்தும் வேலை இது என்பாருண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ரியூபாவே 1835இல்தான் பேர்லினில் காப்புரிமை பெற்றது. ரஷ்யப் பொறியியலாளர் விக்டர் ஏவால்ட் எழுதியவை போன்ற சிலவற்றை விட்டால், இந்த ஐவருக்கென்றே பிறந்த பழைய உருப்படிகள் மிகக் கொஞ்சம். இரவல் இவர்களுக்குத் தவிர்க்க முடியாதது.

இரவலிலும் படைப்பு உண்டு. பாஹின் 'டி மைனர் டொக்காட்டாவும் ஃபியூக்கும்' ஓர்கனுக்குரியது. ஓர்கனுக்கு மூச்சு முட்டாது, உதடு சோராது. இங்கோ ஒருவர் தொடங்கிய மெட்டை அடுத்தவர் வாங்குகிறார். இடையிடையே மூச்சு விழுகிறது. கோபுரமாக நின்ற இசை ஐந்து பேரின் பேச்சாக மாறிவிடுகிறது.

என் முறைப்பாடு வேறு. ஃபற்ஸ் வோலரின் பாடல்களை லூதர் ஹென்டர்சன் இவர்களுக்கு அழகாகவே அமைத்துக் கொடுத்திருக்கிறார். ஆனால் வோலர், பியானோவில் அந்தந்த நேரத்து மனசுக்கேற்ப மெட்டை வளைத்து வாசித்தவர். தாளில் எழுதி ஐவரும் பிசகாமல் ஊதும்போது சுத்தம் இருக்கிறது, குறும்பு குறைகிறது. அந்தக் குறையை மேடைப் பகிடியால் நிரப்பப் பார்க்கிறார்கள். பாஹ்குக்கு உழைப்பு, வோலருக்குப் பகிடி. இது சமமான மரியாதையல்ல.

இரண்டுக்கும் நடுவில் சுவரில்லை என்பதற்கு 1967இல் வந்த பீட்டில்ஸின் 'பென்னி லேன்' சாட்சி. பாஹின் பிரண்டன்பேர்க் கொன்சேர்ட்டோ ஒன்றில் டேவிட் மேசன் ஊதிய சின்ன ட்றம்பெற்றின் குரல் போல் மக்கார்ட்னியைப் பிடித்துக்கொண்டது. அதே மேசனே வந்து பாட்டுக்குள்ளும் ஊதினார். அங்கே எவரும் எவருக்காகவும் இறங்கிப் போகவில்லை.

ஜனரஞ்சகப் பாட்டைச் சோற்றுக்குப் பிந்திய வட்டிலப்பமாகப் பரிமாற வேண்டாம், அதுவும் சோறுதான் என்பதே இந்த நல்ல கலைஞர்களிடம் நான் சொல்ல விரும்புவது.