மெடியா போட்ட கணக்கு

யூரிபிடீஸின் 'மெடியா' (கி.மு. 431) பற்றிப் பேசினாலே, "பொறாமையில் பெத்த பிள்ளைகளையே கொன்னவள்" என்று முடித்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் படித்திருந்தேன். இந்த முறை காட்சிகளின் வரிசையைக் கவனித்தேன். நாடுகடத்த வந்த கிரெயோனிடம் கெஞ்சி ஒரே ஒரு நாள் வாங்குகிறாள். ஏதென்ஸ் அரசன் ஏஜியஸிடம் அடைக்கலம் கேட்கிறாள்; வாய்வார்த்தை போதாது, சத்தியம் வேணும் என்கிறாள். சத்தியத்தை மீறிய ஜேசனோடு வாழ்ந்தவள் அல்லவா! அதற்குப் பிறகுதான் பிள்ளைகளைக் கொல்லப்போவதை வாய்விட்டுச் சொல்கிறாள். இது வெறி இல்லை, கணக்கு.

ஆனால் ஜேசனின் வம்சத்தை அறுக்க, புது மணப்பெண்ணைக் கொன்றது மட்டும் போதவில்லை. தான் பெற்றதையும் வெட்ட வேண்டியிருக்கிறது. சூரியன் தந்த தேரில் தப்பும் அவளை ஊர் தண்டிக்க முடியவில்லை. தண்டனையை அவளே கொடுத்துக்கொண்டுவிட்டாள். பெண்ணுக்கு அதிகாரம் தராத ஊரில், அவள் பறித்தெடுக்கும் அதிகாரம் இரண்டு பக்கமும் வெட்டும்னுதான் தோணுது.