மூடிய அரசும் ஆய்வாளர் அளவைகளும்

காண்டல், கருதல், உரை என அளவை மூன்று என்பர் சைவ நூலோர். காண்டல் விலக்கப்பட்ட நாடொன்றை ஆராயப் புகுவார்க்குப் பின்னிரண்டுமே எஞ்சும். ஸ்தாலின் ஆண்ட சோவியத் நாட்டை ஆராய்ந்த மேலைநாட்டறிஞர் நிலை இதுவாயிற்று.

உரையை நாடியோர் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தார். (ஆகமத்துக்குரிய அப்பெயரை மாந்தர் வாய்மொழிக்கு வழங்குதல் துணிவேயாம்.) 1950, 1951ஆம் ஆண்டுகளில் அந்நாட்டினின்றும் வெளிப்போந்த அகதிகள் பல நூற்றுவரை அவர்கள் வினாவினர். வெறுத்து நீங்கினார் சொல் ஒருபாற் கோடாதோ எனின், கோடும். ஆயினும் அவர்களுட் பலர் அவ்வரசின் கல்வி, மருத்துவ ஏற்பாடுகளைப் பாராட்டினர் என்பது இங்கெல்சும் பவரும் 1959இல் வெளியிட்ட நூலாற் பெறப்படும். தன் வெறுப்புக்கு மாறாகச் சாட்சி கூறுவோன் மொழி கொள்ளத்தக்கது.

பத்திரிகையில் தலைவர் பெயர் நிரலை நோக்கி ஆட்சியின் உட்பூசலைக் கணித்தோர் முயற்சி சோதிடமென எள்ளப்பட்டது. எனினும், 1953 யூனில் நாடகசாலைக்குச் சென்ற தலைவர் பட்டியலிற் பேரியாவின் பெயர் காணப்படாமை, யூலை 10ஆம் நாள் அறிவிப்புக்கு முன்னரே அவர் வீழ்ச்சியைக் குறித்தது.

இனி ஏடுகள். 1941இல் ஜெர்மானியர் கைப்பற்றிய ஸ்மொலென்ஸ்க் மாகாணக் கட்சி ஏடுகள் போரின் பின் அமெரிக்கர் வசமாயின. அவற்றைக் கொண்டு பெயின்சொட் 1958இல் இயற்றிய நூல், உச்சியில் எழுந்த கட்டளை சிற்றூரிற் குழப்பமாய் முடிந்தவாற்றை நன்கு காட்டும். அவ்வேடுகளையே பெரிதும் சார்ந்து 1985இல் எழுதிய ஆச் கெற்றி, 1937ஆம் ஆண்டுக் கொடுமைகள் நெடுநாள் வகுத்த திட்டத்தின் விளைவல்ல. நடுவிடத்துக்கும் மாகாணங்களுக்கும் இடையே முறுகிய பூசலின் விளைவே என்றார். இங்கேதான் அளவை வழுவுகின்றது. இருப்பின் தோன்றியே தீரும் என்னுமிடத்தன்றோ இன்மை சான்றாகும்? பேரியாவின் பெயர் அத்தகையது. இரகசியப் பொலிசாரின் கட்டளையோ மாகாணக் கட்சி ஏட்டில் தோன்றவேண்டுமென்னும் நியதியில்லை.

1991க்குப் பின் மொஸ்கோ ஏடுகள் சில திறக்கப்பட்டன. 1937 யூலை 30ஆம் நாட் கட்டளை 00447, சுடப்படுவோர் இத்துணையர், முகாமுக்குச் செல்வோர் இத்துணையர் என மாகாணந்தோறும் தொகை விதித்திருந்தது. கெற்றியின் கொள்கை முற்றும் பொய்த்ததெனலும் ஆகாது. விதித்த தொகை போதாதென மேலும் வேண்டி எழுதிய மாகாண அதிகாரிகளும் உளர். அவ்வாவணங்களுட் பலவற்றை நௌமோவுடன் தொகுத்து 1999இல் வெளியிட்டவரும் கெற்றியே என்பது அவர்தம் நேர்மைக்குச் சான்று.

1937, 1938 ஆகிய ஈராண்டிலும் மரணதண்டனை பெற்றோர் 681,692 பேர் என அவ்வேடுகள் கூறும். இது கொன்றவர் தாமே எழுதிவைத்த கணக்கு. முகாம்களில் மாண்டோர் இதனுள் அடங்கார்.