பாய்ச்சலுக்குப் பிறகு வரும் காதர்

அசோகமித்திரனின் உச்சம் எது என்று கேட்டால் பெரும்பாலோர் ‘18வது அட்சக்கோடு’ என்பார்கள். 1977இல் வந்த அந்த நாவலின் உயரம் எனக்கும் தெரியும். நிஜாம் ஆட்சி முடிகிற நாட்களை ஒரு கல்லூரி மாணவனின் கண்வழியே அவ்வளவு பக்கத்தில் தமிழில் வேறு யாரும் காட்டவில்லை. அவருடைய ‘தண்ணீர்’ நாவலின் கட்சிக்காரர்களோடும் எனக்கு வழக்கில்லை. ஒரு பக்கம் புழல், ஒரு பக்கம் செம்பரம்பாக்கம் என்று ஏரிகள் இருந்தும் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற அம்பத்தூர்க்காரனுக்கு அந்நாவலின் நாயகி ஜமுனாவின் தெரு எப்படி அந்நியமாகும்? ஆனாலும் என் ஓட்டு ‘புலிக்கலைஞன்’ சிறுகதைக்குத்தான். அதிலும் ஒரே ஓர் இடத்துக்கு.

அந்தக் கதை என்றதும் எல்லோரும் பாய்ச்சலைத்தான் பேசுவார்கள். ஒல்லியான காதர் முகமூடியை மாட்டிக்கொண்டு புலியாக மாறுவான். மேசைமேல் தாவுவான். உயரத்திலிருக்கும் வென்டிலேட்டரைத் தொற்றிக்கொண்டு உறுமுவான். சினிமாக் கம்பெனியின் கதை இலாகாவே வாயடைத்துப் போகும். அபாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது அதற்கடுத்த வரிகளில். கீழே குதித்து, புலி கலைந்ததும், சற்றுமுன் அறையை நடுங்க வைத்தவன் ஒரு வாய்ப்புக்காகக் கெஞ்சுகிறான். பாய்ச்சலை எழுதிய அதே நிதானக் குரலில்தான் கெஞ்சலையும் எழுதுகிறார் அசோகமித்திரன். நம்மை உருக்குவதற்கென்று ஒரு சொல்லைத் தேடிப் போவதில்லை. கதை இலாகாவின் சர்மா கையில் இருந்ததைக் கொடுக்கிறார். பிறகு காதருக்குப் போட்ட கடிதம் திரும்பி வந்துவிடுகிறது. அவ்வளவுதான்.

1964இல் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து எங்கள் அம்பத்தூர்ப் பக்கத்தில் காதர்களுக்குக் குறைவே இல்லை. டிரேடு டெஸ்டுக்கு வந்த டர்னர், மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தாலும் பிசகு காண முடியாதபடி ஒரு பீஸைக் கடைந்து வைப்பான். லேத் ஓடுகிறவரை அவன்தான் ராஜா. அணைத்துவிட்டு, வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு சூப்பர்வைசர் முன்னால் வந்து நிற்கும்போது தோள் தானாகவே இறங்கிவிடும். “அட்ரஸ் எழுதி வெச்சுட்டுப் போப்பா, சொல்லி அனுப்பறோம்.” இதைக் கேட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனவர்கள் எத்தனையோ பேர். தொழில் தெரிந்தவனின் முகம் வேலை கேட்பவனின் முகமாகிற அந்தக் கணத்தைப் பிடித்தவர் அசோகமித்திரன்.

அவரால் பிடிக்க முடிந்ததற்குக் காரணம் உண்டு. 1952 முதல் 1966 வரை அவர் ஜெமினி ஸ்டூடியோவில் இருந்தார். செய்தித்தாள்களைக் கத்தரித்துக் கோப்பில் சேர்ப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. ஆள் சும்மாதானே இருக்கிறான் என்று போகிறவர் வருகிறவரெல்லாம் அந்த அறைக்குள் நுழைந்து பேசித் தீர்ப்பார்களாம். பேசியவர்களுக்கு அது பொழுதுபோக்கு, நமக்கோ பொக்கிஷம். பிரேசிலின் மஷாதோ டி அசிஸும் இப்படித்தான்: அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டே ரியோ நகரத்து மனிதர்களை எழுதியவர். இருவருமே குரலை உயர்த்தாத ஜாதி.

இன்று மேடைகளில் கதை சொல்கிறவர்கள் காதர் கெஞ்சும் இடத்தில் தாங்களே தழுதழுக்கிறார்கள், பின்னணியில் சோக வயலின் வேறு. புதிதாக எழுதப்படும் கதைகளிலோ கடைசிப் பத்தி முழுக்கச் சமூகத்துக்குப் புத்திமதி. வாசகனை நம்பாத எழுத்து பெருகிவிட்டது. அசோகமித்திரன் நம்மை நம்பினார். எங்கே நெஞ்சு கனக்க வேண்டும் என்று அவர் சொல்லித் தரவில்லை.

1996இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது ‘அப்பாவின் சிநேகிதர்’ தொகுப்புக்காக. 2017 மார்ச்சில் அவர் மறைந்தார். விருதுப் பட்டியல் எப்படியோ போகட்டும், ‘புலிக்கலைஞன்’ இல்லாத தமிழ்ச் சிறுகதைத் தொகுப்பு எதையும் முழுமையானதாக என்னால் ஏற்க முடியாது. அடுத்த முறை அதைப் படிக்கும்போது, பாய்ச்சலுக்குக் கைதட்டிய வேகத்தில் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கீழே இறங்கி நிற்பவனைக் கொஞ்ச நேரம் பாருங்கள்.